14 லட்சம் எபோலா நோயாளிகள் எங்கே போனார்கள்?

கரிசல்காட்டான்:
பக்கத்துத் திரியில் நோய்க் கண்காணிப்பு பற்றிப் பேசும்போது புள்ளிராஜா திருவாய் மலர்ந்திருக்கிறார்: "2014 எபோலாவில் மேற்கு ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியதே கணித மாடல்தான்." படித்ததும் காபி புரையேறிவிட்டது. அங்கே பதில் போட்டால் திரியைத் திசைதிருப்புகிறேன் என்று அழுவார். அதனால் தனித் திரி.

2014 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடும் இப்படியொரு மாடலை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. லைபீரியா, சியரா லியோன் இரண்டு நாடுகளில் மட்டும் 2015 ஜனவரி 20-க்குள் 14 லட்சம் பேருக்கு எபோலா வரலாம் என்றது. நோய் முழுதாக ஓய்ந்தபிறகு, கினியாவையும் சேர்த்துப் பதிவான எண்ணிக்கை சுமார் 28,600. இறந்தவர்கள் 11,300 பேர். அது பெரிய துயரம்தான், யார் இல்லை என்றது? ஆனால் மீதிப் பதின்மூன்றே முக்கால் லட்சம் பேரை எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர்கள்?

"குடை எடுத்துப்போனதால் நனையவில்லை, அதற்காக மழை எச்சரிக்கை தப்பா?" என்ற கதையோடு யாரும் வராதீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

புள்ளிராஜா:
என் பெயரில் திரி தொடங்கிய அன்புக்கு நன்றி. நீங்கள் படித்தது தலைப்புச் செய்தியை, அறிக்கையை அல்ல. செப்டம்பரில் நிலைமை போன போக்கிலேயே போய், கூடுதலாக யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான எண் அது. லைபீரியாவில் அப்போது 15-20 நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டிருந்தது.

அதே அறிக்கையின் மறுபாதியை ஏன் மறைக்கிறீர்கள்? நோயாளிகளில் 70 சதவீதம் பேரைச் சிகிச்சை மையத்திலோ, பிறருக்குப் பரவாத ஏற்பாட்டுடன் ஊருக்குள்ளோ வைத்து, இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்தால், அதே ஜனவரி 20 வாக்கில் நோய் ஏறக்குறைய அடங்கிவிடும் என்று போட்டிருக்கிறது. அந்த 70-ஐ எட்டும் வேலையை ஆரம்பிக்க 30 நாள் தாமதித்தால், உச்சத்தில் தினமும் சேரும் நோயாளிகள் ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்றும் இருக்கிறது. இதைவிட ஓர் அமைச்சருக்கு வேறென்ன சொல்ல வேண்டும்?

அப்புறம், அந்தக் கணக்கில் கினியாவே கிடையாது. உங்கள் 28,600-லிருந்து அதைக் கழியுங்கள்.

கரிசல்காட்டான்:
கழித்தேன். 25 ஆயிரத்துக்கும் கீழே வருகிறது. 14 லட்சத்துக்கு எதிரில் இது இன்னும் கேவலமாக இருக்கிறதே, நீங்கள் யார் பக்கம்?

தேநீர்க்கோப்பை:
சேம் சைடு கோல்!

புள்ளிராஜா:
சிரிப்பதற்கு முன் ஒரு விஷயம். மாடல் கொடுத்த எண் 5.5 லட்சம். பதிவேட்டுக்கு வராமல் போகும் நோயாளிகளையும் சேர்ப்பதற்காக 2.5-ஆல் பெருக்கினார்கள், 14 லட்சம் ஆனது. உங்கள் 25 ஆயிரம் பதிவானவர்கள் மட்டும். ஒப்பிடுவதானால் 5.5 லட்சத்தோடு ஒப்பிடுங்கள்.

கரிசல்காட்டான்:
ஆகா, வாருங்கள் வழிக்கு. ஒப்பிட்டால் அப்போதும் இருபது மடங்குக்கு மேல் தப்பு. வாழ்த்துகள்.

ஆனால் அந்த இரண்டரை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நழுவுகிறீர்களே, நான் சொல்கிறேன். 2014 ஆகஸ்ட் 28. அந்த ஒரே ஒரு நாள். அன்றைக்கு இத்தனை படுக்கைகளில் நோயாளிகள் இருக்க வேண்டும் என்றது மாடல். உண்மையில் இத்தனை நிரம்பியிருக்கும் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தார்கள், 2.5 வந்தது. ஒரு நாள் படுக்கைக் கணக்கை வைத்து ஐந்து மாதத்துக்கு, இரண்டு நாடுகளுக்குப் பெருக்கினார்கள். எங்கள் ஊர் ரேஷன் கடையில்கூட இப்படிக் கணக்கு எழுதினால் பிடித்துக்கொள்வார்கள்.

புள்ளிராஜா:
அது தோராயமான எண் என்று அறிக்கையிலேயே எச்சரித்திருக்கிறார்கள். மாடலை எக்செல் கோப்பாகவே வெளியிட்டார்கள். 2.5 பிடிக்கவில்லை என்றால் 1 என்று போட்டு நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். இதைவிட வெளிப்படை வேண்டுமா?

நெய்தல்:
நடுவில் ஒரு தகவல். அதே செப்டம்பர் 23 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் குழுவும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கணிப்பு வெளியிட்டது. நவம்பர் 2-க்குள் மூன்று நாடுகளிலும் சேர்த்து 20 ஆயிரத்தைத் தாண்டும் என்றார்கள். அந்தத் தேதி வாக்கில் பதிவானது சுமார் 13 ஆயிரம். ஆறு வாரக் கணிப்பு ஓரளவு நெருங்குகிறது, நான்கு மாதக் கணிப்பு எங்கேயோ போகிறது. எவ்வளவு தூரம் வரை மாடலை நம்பலாம் என்று பேசினால் உருப்படியாக இருக்குமே?

கரிசல்காட்டான்:
பார்த்தீர்களா, நெய்தலும் என் பக்கம். 20 ஆயிரமும் தப்பு.

புள்ளிராஜா:
நெய்தல் சொன்னது என் வாதம். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

மருதாணி:
நான் பொதுச் சுகாதாரத்தில் களப்பணி பார்ப்பவள். நீங்கள் இரண்டு பேரும் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுங்கள். லைபீரியாவில் நோய் இறங்கியது ஊர்க்காரர்களால். இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு அழுது வழியனுப்புவது அவர்கள் வழக்கம். அந்த உடலிலிருந்துதான் கிருமி அடுத்த வீட்டுக்குப் போனது. தலைநகர் மன்ரோவியாவில் ஆகஸ்டில் உடல்களை எரிக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது, எரிக்கும் பழக்கமே இல்லாத மக்களிடம். வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை முள்கம்பி போட்டு அடைத்தார்கள், கலவரமானது. இத்தனைக்கும் பிறகு அந்த மக்களே தெருத்தெருவாகக் குழு போட்டு, காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடித்து, அவர்களோடு பழகியவர்களை 21 நாள் கவனித்தார்கள். அமெரிக்கா அங்கே கட்டிய 11 சிகிச்சை மையங்களில் 9-க்கு ஓர் எபோலா நோயாளிகூட வரவில்லை. இது உங்கள் எக்செலில் எந்தக் கட்டத்தில் வரும்?

புள்ளிராஜா:
பாதுகாப்பான அடக்கம் மாடலில் இருக்கிறது அக்கா, மேலேயே எழுதினேன்.

மருதாணி:
அடக்கம் இருக்கிறது, அடக்கம் செய்தவர்கள் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

கரிசல்காட்டான்:
11-இல் 9 காலி! அக்கா, கையைக் கொடுங்கள். 14 லட்சம் என்று பயம் காட்டினால் இப்படித்தான் ஆளில்லாத மையங்களைக் கட்டுவார்கள். யார் வீட்டுக் காசு?

புள்ளிராஜா:
தேதி பார்க்கத் தெரியுமா உங்களுக்கு? அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா, சிடிசி இருக்கும் அட்லாண்டாவுக்குப் போய் 3,000 ராணுவத்தினரை அனுப்புவதாக அறிவித்தது செப்டம்பர் 16. அறிக்கை வந்தது 23. ஒரு வாரம் கழித்து வந்த 14 லட்சம் எப்படி அந்த மையங்களைக் கட்டச் சொல்லும்?

கரிசல்காட்டான்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். காலி மையத்துக்கு மாடல் காரணம் இல்லை, ஏனென்றால் அறிக்கை பிறகுதான் வந்தது. சரி. அப்படியானால் பிறகு வந்த அறிக்கை மேற்கு ஆப்பிரிக்காவை எப்படிக் காப்பாற்றியது? பழி என்றால் தேதி பார்ப்பீர்கள், புகழ் என்றால் பார்க்கமாட்டீர்களா?

புள்ளிராஜா:
22-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்தா கணக்குப் போட்டிருப்பார்கள்? அச்சுக்கு வரும் முன்பே உள்ளே பேசியிருப்பார்கள். பொது அறிவு.

கரிசல்காட்டான்:
"இருப்பார்கள்." ஆதாரம் கேட்டால் பொது அறிவு. உள்ளே பேசியிருந்தால் காலி மையங்களும் உங்கள் கணக்கில்தான் வரும், எழுதிக்கொள்ளுங்கள்.

தேநீர்க்கோப்பை:
புள்ளிராஜாவுக்கு எபோலா வருமா?

புள்ளிராஜா:
இருபது வருடப் பழைய எய்ட்ஸ் விளம்பர ஜோக். இதற்குச் சிரிப்பவர்களோடுதான் விவாதம் செய்ய வேண்டியிருக்கிறது.

கரிசல்காட்டான்:
எபோலாவை விடுங்கள், உள்ளூருக்கு வாருங்கள். 2020 அக்டோபரில் நம் நாட்டு நிபுணர் குழு ஒன்று, சூப்பர் மாடல் என்று பெயர் வேறு, 2021 பிப்ரவரிக்குள் கொரோனா ஏறக்குறைய அடங்கிவிடும் என்றது. மே மாதம் தினமும் 4 லட்சம் பேர். அங்கே கூட்டிச் சொன்னார்கள், இங்கே குறைத்துச் சொன்னார்கள். இரண்டுக்கும் முட்டுக்கொடுக்க ஒரே ஆள்.

புள்ளிராஜா:
அந்தக் குழுவுக்கு நான் எங்கே முட்டுக்கொடுத்தேன்? பதிவைக் காட்டுங்கள். அவர்களும் எச்சரிக்கையைத் தளர்த்தாமல் இருந்தால் என்றுதான் சொன்னார்கள். திருவிழா, பொதுக்கூட்டம் எல்லாம் நடத்தியது மாடலா?

கரிசல்காட்டான்:
இதற்குப் பெயர் முட்டு இல்லையா? எண் பெரிதாகிப் பொய்த்தால் "ஒன்றும் செய்யாவிட்டால்" என்றுதான் சொன்னோம். எண் சிறிதாகிப் பொய்த்தால் "ஒழுங்காக இருந்தால்" என்றுதான் சொன்னோம். தோற்கவே முடியாத ஆட்டம். வானிலைத் திரியிலும் இதே கதைதான் ஓட்டினீர்கள், கடைசியில் என் பதிவுகளைத் தூக்கவைத்தீர்கள்.

புள்ளிராஜா:
உங்கள் பதிவுகள் போனது வசைமொழிக்காக. மட்டுறுத்துநரைக் கேளுங்கள்.

மட்டுறுத்துநர்:
வானிலைத் திரி பற்றி இங்கே வேண்டாம். தனிநபர் தாக்குதல் தொடர்ந்தால் திரி பூட்டப்படும்.

நெய்தல்:
கால அளவு பற்றி நான் கேட்டதற்கு யாராவது?

கரிசல்காட்டான்:
நெய்தல், பொறுங்கள். முதலில் ஐயா பதில் சொல்லட்டும். ஆகஸ்ட் 28. ஏன் 27 இல்லை, ஏன் 29 இல்லை?

புள்ளிராஜா:
எக்செல் கோப்பை ராத்திரி ஓட்டி, படமாகவே போடுகிறேன்.

கரிசல்காட்டான்:
போடுங்கள். பெருக்குவது இரண்டரையா ஒன்றா என்பதை மறக்காமல் மேலே எழுதுங்கள்.