உணவுக் கோளாறு: மனநல மருத்துவர் ஒருவர் போதாதா, குழு எதற்கு?

குடந்தை சித்தி:
அண்ணன் மகளுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் நோய் என்று தஞ்சாவூரில் மனநல மருத்துவர் சொல்லிவிட்டார். பொது மருத்துவர், டயட்டீஷியன், குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஓர் உளவியலாளர் என எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டுமாம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு இவர்களை எப்படிச் சேர்ப்பது? ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்தான்.

பொது மருத்துவம்:
ரத்தம் நார்மல் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள் அம்மா. பட்டினியில் உடம்பு கடைசிவரை அளவுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஈசிஜி. பகலில் விழித்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பலரும் கோட்டை விடும் இடம் இன்னொன்று. நெடுநாள் சரியாகச் சாப்பிடாதவர் மறுபடி சாப்பிடத் தொடங்கும் முதல் சில நாட்களில் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சட்டென்று இறங்கும், இதயம் பாதிக்கப்படலாம். அதனால் உணவைக் கூட்டும் வேகத்தை டயட்டீஷியனும் மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் தயமின் (வைட்டமின் பி1) முதலிலேயே தொடங்குவார்கள். பாஸ்பேட் வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் இருக்காது, கேட்டு எழுதி வாங்குங்கள். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் பொட்டாசியத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கக் கூடாது, எனாமல் தேயும். வாய் கொப்பளித்தால் போதும்.

டயட்டீஷியன், தஞ்சை:
மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி. இடைவெளி மூன்று, நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நம் வீடுகளில் ரசம் சாதம், மோர், சுண்டல் என்று வயிறு நிறைந்துவிடும், சத்து ஏறாது. நெய் விட்ட பொங்கல், பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி, வேர்க்கடலை, வாழைப்பழம் என்று அளவு சின்னதாக, அடர்த்தி அதிகமாகக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் டிகிரி காபி வேண்டாம், பசியை அடக்கிவிடும்.

தட்டில் பரிமாறுவது பெரியவர்கள்தான், அவள் அல்ல. கலோரிக் கணக்கை அவள் முன் பேசவே கூடாது. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் யாராவது கூட உட்கார்ந்திருங்கள்.

குடும்ப சிகிச்சை:
நான்கு பேர் நான்கு ஊரில் இருக்கலாம், திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். குழுவின் பலனே அதில்தான். மனநல மருத்துவர் தஞ்சாவூரில், குடும்ப சிகிச்சை வீடியோவில், வாராந்திர எடையும் நாடியும் உங்கள் தெரு டாக்டரிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். எடை எப்போதும் ஒரே மெஷினில், காலையில், சிறுநீர் கழித்த பிறகு, லேசான உடையில். தண்ணீர் குடித்து எடை கூட்டிக் காட்டுவதும் நடக்கும். அது சோடியத்தைக் குறைக்கும், எனவே மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரே பக்கத்தில் உணவுத் திட்டம், மருந்துகள், எடை இலக்கு, எப்போது அட்மிட் செய்வது என்று எழுதி எல்லாரிடமும் கொடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் அதைப் புதுப்பிக்கட்டும். "இந்த வாரம் விட்டுப் பிடிக்கலாம்" என்று ஒருவரும் "கட்டாயம் சாப்பிட வேண்டும்" என்று இன்னொருவரும் சொன்னால், நோய் அந்த இடைவெளியில்தான் வளரும். பிள்ளையின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பயம்தான் அவளை ஆட்டுகிறது.

குடந்தை சித்தி:
நன்றி. பாட்டி கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கச் சொல்கிறார். இவளும் உடனே சரி என்கிறாள்.

குடும்ப சிகிச்சை:
அவள் உடனே ஒப்புக்கொள்வதையே கவனியுங்கள். விரதம் வேண்டாம். பாட்டியை அடுத்த அமர்வுக்கு அழைத்து வாருங்கள், மருத்துவரே நேரில் சொல்லட்டும்; பூஜையும் கோவிலும் வழக்கம்போல் இருக்கட்டும், பிரசாதத்தைச் சாப்பிடும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். "இளைச்சுட்டே", "இப்பதான் பார்க்க நல்லா இருக்கே" என்ற பேச்சுகளை உறவினர் விட வேண்டும் என்பதையும் பாட்டி மூலமே சொல்லுங்கள், அவர் சொன்னால் எடுபடும். இரவில் அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் அதற்கெல்லாம் போன் போடாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.