லோயர் கேம்ப் பவர் ஹவுஸும் தேக்கடியும் ஒரே நாளில் காட்ட முடியுமா?

பெரியாறு டீச்சர் (கேள்வி)

வணக்கம். கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் மீடியத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எல்லாம் எஸ்டேட் லயத்துப் பிள்ளைகள். நீர்மின்சாரப் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கரண்ட் எடுத்த தண்ணில சத்து இருக்குமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. புத்தகப் படத்தை விட்டுவிட்டு நேரில் காட்டலாம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் உள்ளே விடுவார்களா? நின்று விளக்கிச் சொல்ல ஆள் உண்டா? அப்படியே தேக்கடியில் யானையும் பார்க்க வேண்டுமாம், அது பிள்ளைகளின் நிபந்தனை.

கூடலூர் பெரியவர்

டீச்சரம்மா, அந்தப் பையனை எனக்குப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கீழே வயல்காரர்கள் டீக்கடையில் இதே கேள்வியை எங்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் அனுமதி. சும்மா போய் கேட்டில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளி லெட்டர்பேடில் தேதி, பிள்ளைகள் எண்ணிக்கை, கூட வரும் ஆசிரியர்கள் பெயர் எல்லாம் எழுதி, செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே கொடுங்கள். விளக்குவதற்கென்று தனி மையம், காட்சிக்கூடம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஷிப்டில் இருக்கும் பொறியாளர் சொல்வதுதான் பாடம். உள்ளே மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. அதனால் கேட்க வேண்டியதை வெளியிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், தண்ணீர் போகிற வரிசையிலேயே காட்டுங்கள். காலையில் தேக்கடியில் படகு ஏறுகிறீர்களே, அந்த ஏரிதான் முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் அணையை முடித்தபோது மூழ்கிய மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் மொட்டையாக நிற்கும், அதையும் காட்டுங்கள். தேக்கடி ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து ஃபோர்பேயில், அதாவது குழாய்க்கு முன்னால் தண்ணீர் தேங்கி நிற்கிற சிறு அணையில் சேரும். அங்கிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் கீழே பாயும். குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது அந்தக் குழாய்கள் கண்ணில் படும். நான்கு குழாய்க்கு நான்கு மெஷின், ஒவ்வொன்றும் 42 மெகாவாட், மொத்தம் 168. ஆரம்பத்தில் 35தான் இருந்தது, பிறகு திறனைக் கூட்டினார்கள். அணை வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் கரண்டே எடுத்தோம். அதுவரை பாசனம் மட்டும்தான்.

பையனுக்குப் பதில்: டர்பைன், அதாவது தண்ணீர் மோதிச் சுழல்கிற சக்கரம், எடுத்துக்கொள்வது தண்ணீர் விழுகிற வேகத்தை மட்டும்தான். சுற்றிவிட்டு வெளியே வருகிற தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் போகிறது. வெளியேறுகிற இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வையுங்கள், எதிரே வயலைப் பார்த்துவிட்டு அவனே சொல்லட்டும்.

பக்கத்திலேயே பென்னிகுவிக் மணிமண்டபம், 2013இல் திறந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க அந்தப் பக்கம் நல்ல இடம்.

குமுளி கைடு

அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனால் படகு முதல் டிரிப்பாக இருக்கட்டும், டீச்சர். வெயில் ஏறிவிட்டால் கரையில் பன்றியும் நீர்க்காகமும்தான் மிஞ்சும். யானை வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரல். ஏரி வற்றி, புல் முளைத்த கரைக்குக் கூட்டமாக இறங்கும். மழைக்காலத்தில் காட்டுக்குள் எங்கும் தண்ணீர், யானை எதற்கு ஏரிக்கு வரப்போகிறது? புலி என்று மட்டும் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வண்டியை ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் போக வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற விடாதீர்கள், யானையைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடவும் கூடாது. 2009இல் படகு கவிழ்ந்த விபத்து இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்றால் நடைப்பயணமும் உண்டு. மன்னான், பளியர் பழங்குடி ஆட்கள் கூட்டிப்போவார்கள். முன்பு காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்களே இப்போது வழிகாட்டிகளாகவும் காவலாகவும் இருக்கிறார்கள். சாணியைக் குச்சியால் கிளறி, யானை எப்போது போனது, என்ன தின்றது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் உங்கள் அறிவியல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

செறுதோணிக்காரன்

இடுக்கி அணையையும் அதன் மின்நிலையத்தையும் யாரும் சொல்லவில்லையே! 780 மெகாவாட். மூலமற்றத்தில் பூமிக்கடியில் இருக்கிற பவர் ஹவுஸுக்குள் சுற்றுலா ஆட்களை விடமாட்டார்கள். ஆனால் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே நிற்கிற வளைவு அணையைப் பார்க்க விடும் நாட்கள் உண்டு. அந்த அணையில் ஷட்டரே கிடையாது, எல்லாம் பக்கத்துச் செறுதோணி அணையில்தான். ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

பெரியாறு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இடுக்கி அடுத்த வருடத்துக்கு. பெரியவரே, மார்ச்சில் வந்தால் யானை இருக்கும், மெஷின் ஓடுமா?

கூடலூர் பெரியவர்

கோடையில் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், ஒன்று ஓடினாலே பெரிது. பராமரிப்பும் அப்போதுதான் நடக்கும். ஆனால் ஓடுகிற மெஷினில் மூடியும் சத்தமும்தான் தெரியும். கழற்றிப் போட்டிருந்தால் தண்டும் சக்கரமும் கண்ணெதிரே கிடக்கும். கடிதத்தில் அதையும் ஒரு வரி கேட்டு எழுதுங்கள். பஸ் கேரளா வண்டி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முதல் நாளே கேளுங்கள், செக்போஸ்ட்டில் போய் நிற்க வேண்டாம்.