ஏற்காட்டு வீட்டில் கிடைத்த பழைய கேம் சிடிகள்: விண்டோஸ் 11-ல் ஓட வைக்க முடியுமா?

காபித்தோட்டம்:

ஏற்காட்டுல எங்க பழைய வீட்டைக் காலி பண்றோம். அப்பா எஸ்டேட்ல ரைட்டரா இருந்தவர். 1999-ல் சேலத்துல இருந்து எனக்கு வாங்கிட்டு வந்த பென்டியம் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிடுச்சு. அலமாரி மேல ஒரு பிஸ்கட் டின்தான் மிச்சம். உள்ளே ரெண்டு ஃப்ளாப்பி, மூணு சிடி.

ஃப்ளாப்பியில டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. சிடியில என்எஃப்எஸ் 2 எஸ்இ (நீட் ஃபார் ஸ்பீட் கார் ரேஸ்), குவேக், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. ஃப்ளாப்பிக்கு ஒண்ணு, சிடிக்கு ஒண்ணுன்னு யுஎஸ்பி டிரைவ் ரெண்டும் வாங்கியாச்சு. டேவை கிளிக் பண்ணினா இந்த பிசியில ஓடாதுன்னு ஒரே வரியில விரட்டுது. என்எஃப்எஸ் ஒரு நொடி கருப்புத் திரை காட்டிட்டு மூடிக்குது. எம்பயர்ஸ் சிடி டிரைவுக்குள்ள இருக்கும்போதே சிடியைப் போடுன்னு கேக்குது. குவேக் சிடியைப் போடவே பயமா இருக்கு, வெள்ளை வெள்ளையா பூஞ்சை. இங்க மழைக்காலத்துல செருப்பே பச்சையாகிடும், சிடி எம்மாத்திரம்.

பிரின்ஸ் லேபிள்ல என் கையெழுத்துலயே "மெகாஹிட்"னு எழுதியிருக்கு. ஏன்னு சுத்தமா ஞாபகம் இல்லை. பொண்ணுக்கு ஒன்பது வயசு, டேவையாவது காட்டணும்.

மாம்பழம்636:

வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, விண்டோஸ் 95. முடிஞ்சது.

டர்போ பட்டன்:

மேலே சொன்ன தம்பி கோவிச்சுக்காதீங்க, அது டேவுக்கு உதவாது. கம்பேட்டிபிலிட்டி மோடு புரோகிராம்கிட்ட "இது பழைய விண்டோஸ்தான்"னு பொய் சொல்லும், ஒண்ணு ரெண்டு பழைய பழக்கத்தையும் நடிச்சுக் காட்டும். டேவ் 16 பிட் டாஸ் புரோகிராம், அதாவது விண்டோஸுக்கு முந்தின, கட்டளை அடிச்சு ஓட்டுற சிஸ்டத்துக்கு எழுதினது. 64 பிட் விண்டோஸ்ல அதை ஓட்டுற பகுதியே கிடையாது. விண்டோஸ் 11 வர்றதே 64 பிட்ல மட்டும்தான்.

நான் சாரதா காலேஜ் ரோடு பக்கம் பத்து வருஷம் அசெம்பிள் பண்ணினவன். அனுபவத்துல சொல்றேன், கேமை மறந்துட்டு முதல்ல சிடியைப் பாருங்க. அதை டியூப்லைட்டுக்கு நேரா பிடிங்க. ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா அலுமினியப் பூச்சே போயிடுச்சு, அந்த இடம் அவ்ளோதான். தெரியலைன்னா அழுக்கு மேலோட நிக்குது. வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், பஞ்சு. நடுவுல இருந்து விளிம்புக்கு நேர்கோடா துடைக்கணும். வட்டமா துடைக்காதீங்க. டேட்டா வட்டமா ஓடுது, அதே வாட்டத்துல கீறல் விழுந்தா டிரைவால சரிக்கட்ட முடியாது. குறுக்குக் கீறலை ஓரளவு சமாளிச்சுக்கும். எழுத்து இருக்கிற பக்கத்துல நகம்கூட படக்கூடாது. பூச்சு அந்தப் பக்கம்தான் இருக்கு, மேல வெறும் லேக்கர். நிறைய பேர் அடிப்பக்கத்தைக் கண்ணு மாதிரி காப்பாத்திட்டு மேல்பக்கத்தை மேசையில தேய்ப்பாங்க.

நிழல்ல காயவிட்டு உடனே காப்பி எடுத்துடுங்க. குவேக்கை மட்டும் ஐஎஸ்ஓ ஃபைலா எடுக்காதீங்க, பின்-க்யூன்னு ஜோடி ஃபைலா எடுங்க. அதுல பாட்டு ஆடியோ சிடி டிராக்காவே இருக்கு. ஐஎஸ்ஓ எடுத்தா டேட்டா வரும், பாட்டு வராது. அப்புறம் ஊமைக் குவேக்தான்.

டேவுக்கும் பிரின்ஸுக்கும் டாஸ்பாக்ஸ், விண்டோஸுக்குள்ளேயே பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற புரோகிராம். காசு கிடையாது. ஃப்ளாப்பியில இருக்கிறதை ஒரு ஃபோல்டருக்கு மாத்திட்டு, டேவோட எக்ஸ்இ ஃபைலை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல போடுங்க, திறந்துடும். வேகமா ஓடினா கன்ட்ரோலும் எஃப்11-ம், இழுத்தா கன்ட்ரோலும் எஃப்12-ம். அந்தக் காலத்து கேபினட்ல டர்போ பட்டன் செஞ்ச வேலைதான். என் பேருக்குக் காரணமும் அதுதான்.

என்எஃப்எஸ் 2 எஸ்இ 1997-ல வந்தது. 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா க்ளைடுன்னு தனி வழியில அழகா ஓடும். என் கைக்கு வந்தது மொத்தமே ரெண்டு வூடூ கார்டு, சேலத்துல அவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவாங்க. இப்ப என்க்ளைடுன்னு ஒரு புரோகிராம் போட்டா உங்க சாதா கிராஃபிக்ஸையே வூடூன்னு கேமை நம்ப வெச்சுடும். அன்னைக்கு நாம பார்க்காத தண்ணித் தெறிப்பெல்லாம் இன்னைக்குத் தெரியும்.

எம்பயர்ஸ் கதை வேற. காப்பி பாதுகாப்புக்குன்னு சேஃப்டிஸ்க் போட்ட சிடியா இருந்தா, விண்டோஸ் 10-லேயே அதுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துட்டாங்க, பாதுகாப்பு ஓட்டைன்னு. சிடி மேல தப்பில்லை. இதுக்கு மல்லுக்கட்ட வேண்டாம், 2019-ல வந்த டெஃபினிட்டிவ் எடிஷனைத் தள்ளுபடியில வாங்கிடுங்க.

"மெகாஹிட்" ஏமாத்து வேலை! டாஸ் ப்ராம்ப்ட்ல பிரின்ஸ், ஒரு இடைவெளி, மெகாஹிட்னு ஆங்கிலத்துல அடிச்சா சீட் மோடு திறக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள இளவரசியைக் காப்பாத்த முடியாதவங்களுக்கு. நீங்களும் அந்தக் கூட்டம்தான்னு தெரியுது. இதுக்கு ஐகான்ல இழுத்துப் போடுறது ஆகாது, டாஸ்பாக்ஸுக்கு ஃபோல்டரை டிரைவா காட்டுற மவுண்ட் கட்டளை கொடுத்துத்தான் போகணும்.

அம்மாப்பேட்டை தறி:

லினக்ஸ் இருந்தா விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் கேம்கூட வைன்ல (விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடும், 64 பிட் மெஷின்லயே. விண்டோஸே கைவிட்டதை லினக்ஸ் ஓட்டுது. சும்மா சொன்னேன், சண்டைக்கு வராதீங்க.

காபித்தோட்டம்:

அண்ணா, டேவ் ஓடிடுச்சு! பொண்ணு முதல் லெவல்லயே கோப்பையை எடுக்காம கதவுகிட்ட போய் நின்னு, "இது பூட்டியிருக்குப்பா"ன்னா. ஆனா டேவ் குண்டாயிட்டான், ஸ்கிரீன் முழுக்க அகலமா இழுத்துட்டு நிக்கிறான்.

என்எஃப்எஸும் சரி. குவேக் சிடியை டியூப்லைட்ல பார்த்தேன், ஓட்டை ஒண்ணும் இல்லை. ஆனா காப்பி 63 சதவீதத்துல நின்னு டிரைவ் கர்ர்ருன்னு கத்துது.

டர்போ பட்டன்:

குண்டுக்கு மருந்து: டாஸ்பாக்ஸ் செட்டிங் ஃபைல்ல ஆஸ்பெக்ட்னு ஒரு வரி இருக்கும், அதை ட்ரூ ஆக்குங்க. அவன் பிறந்தது 4:3 மானிட்டர்ல.

63-ல நின்னா வேகத்தைக் குறைச்சு, 4 எக்ஸ்ல எடுத்துப் பாருங்க. அப்பவும் நின்னா விடுங்க, கத்த விட்டுக்கிட்டே இருக்காதீங்க. என்கிட்ட 2003-ல வாங்கின ஐடிஇ (பழைய கேபிள் வகை) சிடி ரைட்டர் ஒண்ணு இருக்கு, புது டிரைவ் துப்புறதைக்கூட அது படிக்கும். ஞாயித்துக்கிழமை கீழே இறங்குறீங்கன்னா சொல்லுங்க, ஐந்து ரோடு வரைக்கும் நான் வந்துடறேன். சிடியை மட்டும் துண்டுல சுத்திக் கொண்டு வராதீங்க, இருபது கொண்டை ஊசி வளைவுலயும் உரசிக்கிட்டே வரும்.