பொதுப் பாடக் களஞ்சியம் – மூடுல் இணைப்பு: எங்கள் கல்லூரிக்கு மட்டும் 'பொதுச் சாவியை எடுக்க முடியவில்லை' என்று வருகிறது

அணிக்கோவை | திங்கள் இரவு 9.40

வணக்கம். மூன்று நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கும் மூன்று கல்லூரிகளின் கணிதத் துறைகள் சேர்ந்து ஒரு பொதுப் பாடக் களஞ்சியம் வைத்திருக்கிறோம். முதலாமாண்டு மாணவர்களுக்கான பாடங்கள், காணொலிகள், பயிற்சி வினாக்கள் எல்லாம் தமிழில், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்ந்தால் போதும்.

களஞ்சியம் மூடுல் என்ற பாட மேலாண்மை மென்பொருளின் 4.5 பதிப்பில் ஓடுகிறது. மூன்று கல்லூரிகளிலும் தனித்தனியாக மூடுல் உண்டு, அவையும் 4.5தான். களஞ்சியத்திலுள்ள பாடங்களை எல்டிஐ (ஒரு தளத்தின் பாடத்தை இன்னொரு தளத்துக்குள் திறக்கும் தரமுறை) கருவியாக வெளியிட்டு, கல்லூரி மூடுலில் வெளிக் கருவியாகச் சேர்த்திருக்கிறோம். போன வருடம் வரை எல்டிஐ 1.1 வழியில் இருந்தோம், ஒரு தொல்லையும் இல்லை. இந்தப் பருவத்தில் 1.3-க்கு மாறினோம்.

மற்ற இரண்டு கல்லூரிகளுக்கும் பாடம் திறக்கிறது. எங்களுக்குத் திறக்கவில்லை. மாணவர் சொடுக்கியதும் களஞ்சியத்தின் பக்கம் வரை போகிறது, அங்கே பொதுச் சாவியை எடுக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிடுகிறது. களஞ்சியத்தின் சர்வர் இருப்பதே எங்கள் கல்லூரி சர்வர் அறையில்தான். கல்லூரி மூடுலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஸ்விட்ச் தவிர வேறொன்றும் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குத் திறப்பது எங்களுக்கு ஏன் திறக்கவில்லை?

வியாழன் காலை இரண்டு பிரிவு மாணவர்களுக்கு இதில்தான் பயிற்சித் தேர்வு வைத்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

மதுரைக்காரன் | திங்கள் இரவு 10.15

மேடம், 1.3-இல் பாதிப் பிரச்சினை பதிவு விவரத்தில்தான் வரும். களஞ்சியத்தில் உங்கள் கல்லூரியைப் பதிவு செய்த இடத்தைத் திறந்து பாருங்கள். இஷ்யூவர் (மாணவரை அனுப்பும் தளம்) முகவரி உங்கள் மூடுலின் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் ஆகாது. கிளையன்ட் ஐடி, அதாவது உங்கள் மூடுல் அந்தக் கருவிக்குக் கொடுத்த அடையாளம், சரியா? அப்புறம் டிப்ளாய்மென்ட் ஐடி. கையால் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள். உங்கள் மூடுலில் அந்தக் கருவியின் விவரத்தைத் திறந்தால் 2, 3 என்று ஒரு சின்ன எண் இருக்கும், அதைத்தான் களஞ்சியத்தில் தனியாகச் சேர்க்க வேண்டும். நடுவில் யாராவது கருவியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்திருந்தால் இந்த இரண்டு ஐடியும் மாறியிருக்கும்.

அணிக்கோவை | திங்கள் இரவு 10.50

நன்றி சார். இப்போதே இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இஷ்யூவர், கிளையன்ட் ஐடி, மூன்று முகவரிகள் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. டிப்ளாய்மென்ட் ஐடி 3, இரண்டு பக்கமும் அதேதான்.

திண்ணை | செவ்வாய் காலை 7.05

எதற்கு இவ்வளவு சிரமம்? திறந்த உரிமம்தானே. களஞ்சியத்திலிருந்து பாடத்தை பேக்கப் எடுத்து உங்கள் மூடுலில் ரெஸ்டோர் செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

அணிக்கோவை | செவ்வாய் காலை 7.40

முதல் வருடம் அப்படித்தான் செய்தோம் சார். அணிக்கோவை (டிட்டர்மினன்ட்) பயிற்சியில் ஒரு விடையில் கழித்தல் குறி விடுபட்டிருந்தது. ஒரு மாணவி கண்டுபிடித்துச் சொன்னாள், எங்கள் பிரதியில் அன்றே திருத்தினேன். மற்ற இரண்டு கல்லூரிகளின் பிரதிகளில் அந்தத் தவறு பருவம் முடியும் வரை அப்படியே இருந்தது. சரியாகப் போட்ட பிள்ளைகளுக்கு மதிப்பெண் போயிற்று. ஒரே இடத்தில் திருத்தினால் மூன்று இடத்திலும் திருந்த வேண்டும் என்றுதான் களஞ்சியமே தொடங்கினோம். வியாழனுக்குள் சரியாகவில்லை என்றால் அந்தத் தேர்வை மட்டும் நீங்கள் சொன்னபடி பிரதி எடுத்து வைக்கிறேன். நிரந்தரமாக அதற்குத் திரும்ப மனமில்லை.

வேர் | செவ்வாய் காலை 9.20

மேடம், பழைய 1.1-இல் ஓடியது இதில் ஏன் ஓடவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

1.1-இல் இரண்டு பக்கமும் ஒரே ரகசியச் சொல்லை வைத்திருக்கும். மாணவரின் உலாவி கையெழுத்திட்ட படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும், களஞ்சியம் தன்னிடம் இருக்கும் ரகசியத்தை வைத்தே சரிபார்த்துவிடும். பாடத்தைத் திறக்கும் நேரத்தில் சர்வரும் சர்வரும் பேச வேண்டிய தேவையே இல்லை.

1.3 அப்படி இல்லை. மாணவர் சொடுக்கியதும் உலாவி களஞ்சியத்தின் உள்நுழைவு முகவரிக்குப் போகும். அது 'நீ யாரிடமிருந்து வந்தாய்' என்று மறுபடி கல்லூரி மூடுலுக்கே அனுப்பும். கல்லூரி மூடுல் தன் தனிச் சாவியால் ஒரு டோக்கனில் (அடையாளச் சீட்டு) கையெழுத்திட்டுக் கொடுக்கும், உலாவி அதைக் களஞ்சியத்தில் சேர்க்கும். இதுவரை எல்லாத் தூதும் உலாவிதான். இனி அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கக் கல்லூரியின் பொதுச் சாவி வேண்டும். அதை எடுக்கக் களஞ்சிய சர்வர் தானே கிளம்பி, உங்கள் மூடுலில் செர்ட்ஸ்.பிஎச்பி என்று முடியும் முகவரிக்குப் போகும். உங்களுக்கு இடறுவது இந்த இடம்தான். உங்கள் உலாவியில் எல்லாம் திறக்கிறது என்பதை வைத்துக் களஞ்சிய சர்வருக்கும் அது திறக்கும் என்று முடிவுகட்ட முடியாது.

ஆகவே களஞ்சிய சர்வரிலேயே டெர்மினலில் உட்கார்ந்து, அந்த முகவரிக்கு ஒரு கர்ல் (முகவரியில் இருப்பதை எடுத்துக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். கூடவே இரண்டு சர்வரின் கடிகாரத்தையும் பார்த்துவிடுங்கள். கல்லூரி சர்வரின் நேரம் ஒருசில நொடிகளுக்கு மேல் முந்தியிருந்தால் டோக்கனை ஏற்காது. அப்போது வரும் செய்தி வேறு மாதிரி இருக்கும், 'இந்த நேரத்துக்கு முன்னால் டோக்கனை ஏற்க முடியாது' என்று சொல்லும். உங்கள் செய்தி அது இல்லை, இருந்தாலும் பார்த்து வைப்பது நல்லது. இந்திய நேரம், யுடிசி என்ற வித்தியாசம் ஒன்றும் செய்யாது. டோக்கனில் போவது 1970-இலிருந்து எண்ணிய நொடிக் கணக்கு, அது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அணிக்கோவை | செவ்வாய் மதியம் 1.10

எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பியை உட்காரவைத்துச் செய்தேன். கடிகாரம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. கர்ல் போட்டதும் சாவி உடனே வந்துவிட்டது, அடைப்புக்குறிகளோடு நீளமான வரி. ஆக, சர்வருக்கும் திறக்கிறது. மூடுல் மட்டும் எடுக்க முடியவில்லை என்கிறது. இப்போது இன்னும் குழப்பமாகிவிட்டது.

வேர் | செவ்வாய் மதியம் 1.25

குழப்பம் இல்லை மேடம், இப்போதுதான் இடம் சுருங்கியிருக்கிறது. இரண்டு காரியம் செய்யுங்கள். களஞ்சியத்தில் பிழை விவரம் காட்டும் டீபக்கிங்கை டெவலப்பர் நிலைக்கு ஏற்றிவிட்டு மறுபடி திறந்து, செய்தியை முழுதாகப் படியுங்கள். அதே சர்வரிலிருந்து உங்கள் கல்லூரி மூடுலின் பெயருக்கு ஒரு பிங் போட்டு, எந்த ஐபி வருகிறது என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை மறக்காமல் இறக்கிவிடுங்கள். மாணவர் திரையில் அந்த விவரங்கள் தெரியக் கூடாது.

அணிக்கோவை | செவ்வாய் மதியம் 2.05

செய்தியின் கீழே 'அந்த முகவரி தடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி இருக்கிறது! பிங்கில் 10.20.0.15 என்று வருகிறது.

வேர் | செவ்வாய் மதியம் 2.40

அதுதான். பக்கத்தில் இருப்பதால்தான் உங்களுக்குத் திறக்கவில்லை.

மற்ற இரண்டு கல்லூரிகளின் பெயரைக் கேட்டால் களஞ்சிய சர்வருக்கு வெளி ஐபி கிடைக்கிறது. உங்கள் கல்லூரிப் பெயரைக் கேட்டால், பெயரை ஐபியாக மாற்றித் தரும் உங்கள் வளாக டிஎன்எஸ் 10.20.0.15 என்ற உள் ஐபியைக் கொடுக்கிறது. மூடுல் தானாக எங்காவது போய் எதையாவது எடுக்கும் முன், தடை செய்த முகவரிகளின் பட்டியல் ஒன்றைப் பார்க்கும். சைட் அட்மினிஸ்ட்ரேஷன், ஜெனரல், செக்யூரிட்டி, அதற்குள் எச்டிடிபி செக்யூரிட்டி என்று போனால் கர்ல் பிளாக்டு ஹோஸ்ட்ஸ் என்ற பெட்டி இருக்கும். அதில் 127.0.0.0/8, 192.168.0.0/16, 10.0.0.0/8, 172.16.0.0/12 எல்லாம் இருக்கும், சர்வரின் சொந்த முகவரியும் உள் நெட்வொர்க் வரம்புகளும்தான் இவை. பெயரை ஐபியாக மாற்றிப் பார்த்துத்தான் மூடுல் முடிவெடுக்கும், ஆகவே பெயரில் போட்டாலும் மாட்டும். டெர்மினலில் நீங்கள் போட்ட கர்ல் இந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை. அதனால் அங்கே சாவி வந்தது.

மதுரைக்காரன் | செவ்வாய் மதியம் 3.00

அப்படியானால் அந்தப் பெட்டியைக் காலி செய்து சேமித்துவிட்டால் முடிந்தது. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

வேர் | செவ்வாய் மதியம் 3.30

அண்ணா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களுடையதையும் இன்றே திருப்பிப் போடுங்கள்.

மூடுலில் ஓர் ஆசிரியர் கணக்கு இருந்தாலே ஏதாவது ஒரு முகவரியைக் கொடுத்து 'இதை எடுத்து வா' என்று சர்வரை அனுப்ப வழிகள் இருக்கின்றன. பட்டியல் காலியாக இருந்தால், யாரோ ஒருவருடைய திருடுபோன கடவுச்சொல்லை வைத்து உங்கள் உள் நெட்வொர்க்கில் எந்த இயந்திரத்தையும் தட்டிப் பார்க்கலாம். கட்டண சர்வர், மாணவர் விவரம் இருக்கும் சர்வர், ரூட்டரின் நிர்வாகப் பக்கம் எதுவும் விலக்கில்லை. அதே பட்டியலில் 169.254.169.254 என்று ஒன்று இருக்கிறதே, அது கிளவுட் சர்வர்கள் தங்கள் சொந்த விவரங்களைக் கேட்டு வாங்கும் முகவரி. பல இடங்களில் அங்கே ரகசியச் சாவிகளே கிடைக்கும். நம்மிடம் இருப்பது பிள்ளைகளின் விவரம். ஒரு பாடம் திறப்பதற்காக அதைத் திறந்து வைக்கக் கூடாது.

மேடம், களஞ்சிய சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் சர்வர் பார்க்கும் பெயர், ஐபி பட்டியல்) உங்கள் கல்லூரி மூடுலின் பெயருக்கு நேராக வெளி ஐபியை எழுதுங்கள். பெயரைக் கேட்டதும் அந்த சர்வருக்கு மட்டும் வெளி ஐபி கிடைக்கும், பட்டியலைத் தொட வேண்டாம். மூடுலை டாக்கரில் (மென்பொருளைத் தனிக் கண்டெய்னருக்குள் ஓட்டும் முறை) ஓட்டினால் கண்டெய்னருக்குள் இருக்கும் ஹோஸ்ட்ஸ்தான் கணக்கு, வெளியே எழுதிப் பயனில்லை.

அது சரிப்படாவிட்டால் இன்னொரு வழி. 10.0.0.0/8 என்ற ஒரு வரியை எடுத்துவிட்டு, அந்த சர்வர் நீங்கலாக மற்ற உள் வரம்புகளைச் சிறு சிறு துண்டுகளாக எழுத வேண்டும். இந்தப் பெட்டியில் இவரை மட்டும் விடு என்று சொல்ல இடமில்லை. எனக்கு இது அவ்வளவு பிடிக்காது, ஒரு வரி விட்டுப்போனாலும் ஓட்டைதான்.

மதுரைக்காரன் | செவ்வாய் மாலை 4.10

திருப்பிப் போட்டுவிட்டேன் தம்பி. எச்சரித்ததற்கு நன்றி.

அணிக்கோவை | செவ்வாய் மாலை 6.45

ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதினோம். தடுக்கப்பட்டது என்ற செய்தி போய்விட்டது, ஆனால் இப்போது நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்கிறது. டெர்மினல் கர்லும் அப்படியே தொங்குகிறது.

வேர் | செவ்வாய் இரவு 8.00

உள்ளிருந்து வெளி ஐபிக்குப் போய்ப் பின் உள்ளேயே திரும்பும் போக்குவரத்தை உங்கள் ஃபயர்வால் விடவில்லை. நெட்வொர்க் பார்ப்பவரிடம் 'ஹேர்பின் நாட் வேண்டும், 443 போர்ட்டுக்கு மட்டும், இந்த சர்வர்களுக்கு இடையில் மட்டும்' என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். ஒரு விதிதான் சேர்க்க வேண்டும்.

அணிக்கோவை | புதன் காலை 11.30

திறந்துவிட்டது! விதியைச் சேர்த்த அடுத்த நிமிடமே திறந்தது. ஒரு மாணவரின் பெயரில் நுழைந்து பார்த்தேன், முதல் பாடம், காணொலி, பயிற்சி எல்லாம் வருகின்றன. எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. பயிற்சித் தேர்வை எழுதி முடித்தும் கல்லூரி மூடுலின் மதிப்பெண் பட்டியலில் கோடு மட்டுமே இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. மற்ற கல்லூரிகளுக்கு மதிப்பெண் வருகிறது.

வேர் | புதன் மதியம் 12.15

மதிப்பெண் உடனே வராது, களஞ்சியத்தில் கிரான் (குறித்த இடைவெளியில் தானே ஓடும் பின்னணி வேலை) ஓடும்போது அரை மணிக்கு ஒருமுறை அனுப்பும் வேலை அது. ஆனால் முக்கால் மணி ஆகிவிட்டது, மற்றவர்களுக்கும் வருகிறது என்றால் கிரான் ஓடுகிறது. இது அதே நோயின் மறுபக்கம். மதிப்பெண்ணைக் கொடுக்கக் களஞ்சியம் உங்கள் கல்லூரி மூடுலிடம் முதலில் அனுமதி டோக்கன் கேட்கும். கேட்பது களஞ்சியம்தானா என்று தெரிந்துகொள்ள, இந்த முறை உங்கள் மூடுல் கிளம்பிப் போய்க் களஞ்சியத்தின் பொதுச் சாவியை எடுக்க வேண்டும். உங்கள் மூடுலிலும் அதே தடைப் பட்டியல் இருக்கிறது, களஞ்சியத்தின் பெயரும் அங்கே உள் ஐபியாகத்தான் தெரியும். கல்லூரி மூடுல் சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் களஞ்சியத்தின் பெயருக்கு வெளி ஐபியை எழுதுங்கள், ஹேர்பின் விதியையும் எதிர்த்திசைக்குச் சேர்க்கச் சொல்லுங்கள்.

திண்ணை | புதன் மதியம் 1.00

நாளைக்கு லேபில் எழுதப்போகிறார்கள் என்றால் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம். பாடம் கல்லூரி மூடுல் பக்கத்திலேயே ஒரு சட்டகத்துக்குள் திறக்குமாறு இருந்தால், சில உலாவிகள் வேறு தளத்தின் குக்கீயைத் தடுத்துவிட்டு வெறும் பக்கத்தைக் காட்டும். ஆப்பிள் உலாவியில் அடிக்கடி நடக்கும். கருவியின் அமைப்பில் லாஞ்ச் கண்டெய்னரைப் புதிய சன்னலுக்கு மாற்றிவிடுங்கள்.

அணிக்கோவை | புதன் மாலை 5.20

புதிய சன்னலுக்கு மாற்றிவிட்டேன். எதிர்த்திசை விதியும் ஹோஸ்ட்ஸ் வரியும் மூன்று மணிக்குச் சேர்த்தார்கள். மூன்றரைக்கு மதிப்பெண் பட்டியலைத் திறந்தேன், கோடு இருந்த இடத்தில் 8.00 என்று நிற்கிறது.

வேர் | புதன் மாலை 6.00

நல்லது மேடம். இரண்டு ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அந்த வரிக்கு மேலே, எதற்காகச் சேர்த்தது, யார், என்று என்பதை ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். என்றைக்காவது வெளி ஐபி மாறினால் எல்லாக் கல்லூரிக்கும் திறந்து உங்களுக்கு மட்டும் மறுபடி திறக்காது, அப்போது அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அணிக்கோவை | புதன் மாலை 6.10

தம்பியிடம் சொல்லி இப்போதே எழுதவைத்துவிட்டேன், தமிழிலேயே.