அனாமலி ஸ்கேன் நார்மல், 32 வாரத்தில் சிறுநீரக வீக்கம். எப்படி?

அல்சூர்க்காரன்:
வணக்கம். மனைவிக்கு 32 வாரம். 20 வாரத்தில் எடுத்த அனாமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது) நார்மல். நேற்று குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க எடுத்த குரோத் ஸ்கேன் ரிப்போர்ட்டில், குழந்தைக்கு 'இடது சிறுநீரகம், பெல்விஸ் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் பை) 8 மி.மீ.' என்று இருக்கிறது. முன்பு கோட்டை விட்டுவிட்டார்களா? மறுபடி முழு அனாமலி ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

சோனோ_பெங்களூரு:
கோட்டை விட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது சார். சில குறைகள் 20 வாரத்தில் கண்ணில் படுகிற அளவுக்கு வந்திருக்காது. சிறுநீர்ப் பாதையில் நெருக்கல் இருந்தால், குழந்தை வளர்ந்து சிறுநீர் கூடக் கூடத்தான் பெல்விஸ் விரியும். அகாண்ட்ரோபிளேசியாவில் (கைகால் குட்டையாக வளரும் எலும்புக் குறை) தொடை எலும்பு அப்போது சரியாக இருந்து, பிறகுதான் பின்தங்கும். டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்) அடைப்பில், இரைப்பையும் டியோடினமும் வீங்கி ஸ்கேனில் இரட்டைக் குமிழாகத் தெரிவதும் பனிக்குட நீர் ஏறுவதும் பெரும்பாலும் 24 வாரத்துக்கு மேல்தான்.

28 வாரத்துக்குப் பிறகு பெல்விஸ் 7 மி.மீ.க்குள் இருந்தால் நார்மல். 7 முதல் 10க்குள் லேசான விரிவு, பெரும்பாலும் தானே சரியாகும். 10ஐத் தொட்டாலோ, சிறுநீர்ப்பைச் சுவர் தடித்தாலோ, யூரேட்டர் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய்) தெரிந்தாலோ, பனிக்குட நீர் குறைந்தாலோதான் கவலை. அளவு குறுக்குவெட்டில், முன்-பின் விட்டமாக எடுத்ததா என்று கேளுங்கள். குழந்தையின் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் எண் ஏறும். அது காலியான பின் ஒருமுறை அளப்பது நல்லது.

லேபர்வார்டு_அக்கா:
முழு அனாமலி ஸ்கேன் இப்போது எடுத்துப் பலன் குறைவு தம்பி. எலும்பு இறுகி நிழல் விழும், தலை இடுப்புக்குள் இறங்கியிருக்கும். விரல், முகம், முதுகுத்தண்டெல்லாம் நல்ல கோணத்தில் கிடைக்காது. அடுத்த குரோத் ஸ்கேனிலேயே இரண்டு சிறுநீரகம், சிறுநீர்ப்பை, இரைப்பை, இதயத்தின் நாலு அறை, மூளை வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் இருக்கும் அறை, 10 மி.மீ.க்குள் இருக்கணும்) எல்லாத்தையும் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். 35 வாரம் வாக்கில் போதும். பழைய ரிப்போர்ட், தாயி கார்டு (கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் அட்டை), அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கர்ப்ப ஸ்கேனுக்குச் சட்டப்படி தேவையான படிவம் எஃப்பை ஒவ்வொரு முறையும் நிரப்பியே ஆகணும்.

அல்சூர்க்காரன்:
நன்றி அக்கா. பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறணுமா?

லேபர்வார்டு_அக்கா:
இந்த 8 மி.மீ.க்காக வேண்டாம். இதயக் கோளாறு, குடல் அடைப்பு, உதரவிதான ஓட்டை என்றால் பிரசவமும் குழந்தை சர்ஜரியும் ஒரே வளாகத்தில் உள்ள இடம்தான் சரி. இங்கே பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையில் சர்ஜரி உண்டு, பிரசவம் கிடையாது. பிறந்த குழந்தையோடு சில்க் போர்டு டிராஃபிக்கில் நிற்கிற நிலை வரக்கூடாது.

சோனோ_பெங்களூரு:
ஒன்று விட்டுப்போச்சு. குழந்தை பிறந்த அன்றே சிறுநீரக ஸ்கேன் வேண்டாம். முதல் இரண்டு நாள் சிறுநீர் குறைவு, வீக்கம் இல்லாத மாதிரிக் காட்டும். 48 மணி நேரம் கழித்து, ஒரு மாதத்துக்குள் எடுங்கள். அது நார்மலாக இருந்தாலும் சில மாதம் கழித்து இன்னொன்று எடுக்கணும். இரண்டு பக்கமும் வீங்கி சிறுநீர்ப்பையும் தடித்திருந்தால் மட்டும் இந்த 48 மணிக் கணக்குப் பார்க்காமல் உடனே எடுக்கணும்.