புதுப்பிப்பு: 3,000 ரூபாய்க்குள் முதல் கேமிங் ஹெட்செட் – மைக் வேலை செய்யாதவர்களுக்கு

முதல் பதிவில், இந்த பட்ஜெட்டுக்கு ப்ளூடூத் வேண்டாம், வயர் ஹெட்செட்டே எடுங்கள், பெட்டியில் 7.1 (சுற்றிலும் ஒலி கேட்கும் சரவுண்ட்) என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அதன்பின் அதிகம் வந்த கேள்வி: "சத்தம் கேட்குது, மைக் மட்டும் எடுக்கல."

பெரும்பாலும் ஹெட்செட்டில் கோளாறே இருக்காது. வயரின் முனையில் இருக்கும் பின்னை உற்றுப் பாருங்கள். மூன்று வளையக் கோடு இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே பின்னில் வருகின்றன. லேப்டாப்புக்கும் பிஎஸ்5 கன்ட்ரோலருக்கும் அது நேராகப் பொருந்தும். டெஸ்க்டாப்பில் பச்சை, பிங்க் எனத் துளைகள் தனித்தனி. பச்சையில் மட்டும் செருகினால் மைக்குக்கு வழியே இல்லை. ஒரு துளையும் இரண்டு பின்னும் உள்ள ஒய் ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். கடையில் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு ஹெட்போன் மாட்டும் ஸ்ப்ளிட்டரைக் கையில் கொடுத்துவிடுவார்கள், அது இதற்கு உதவாது.

மைக்கில் இரைச்சல் வந்தால் டெஸ்க்டாப் பெட்டியின் முன்பக்கத் துளையை விட்டு, பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே (கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகை) இருக்கும் துளையில் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் மைக்ரோபோன் பூஸ்ட்டையும் குறையுங்கள். அது குரலோடு இரைச்சலையும் சேர்த்தே ஏற்றும். அப்படியும் அடங்காவிட்டால் யூஎஸ்பியில் செருகி அதில் ஹெட்செட்டை மாட்டும் சின்ன சவுண்ட் கார்டு போதும், புது ஹெட்செட் தேவையில்லை.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் பிசிக்கான யூஎஸ்பி ஹெட்செட்டை எடுக்காதீர்கள், பொதுவாக அதில் ஓடாது. 3.5 மிமீ பின்தான் பாதுகாப்பு.

ப்ளூடூத் ஏன் கூடாது என்று திரும்பக் கேட்டவர்களுக்கு: வழக்கமான ப்ளூடூத்தில் மைக்கை ஆன் செய்ததுமே இணைப்பு போன் பேசும் முறைக்கு மாறி, ஒலி மோனோவாகிவிடும், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலிதான். எதிரி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதே தெரியாது.