ஜார்ஜியா வரும்வரை தண்ணீர் திறக்கக் கூடாது

நவம்பர் 1

அப்பா: படுக்கை, சமையலறை, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கிற எங்கள் மோட்டர்ஹோமில் புறப்படுவது 12ஆம் திகதி விடிய. விண்ட்சரில் பாலம் தாண்டி அமெரிக்காவுக்குள் போய் 75ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரே நேர் தெற்கு. ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா, பிறகு புளோரிடா. மார்ச் கடைசியில்தான் இனி டொரொன்டோ முகத்தில் முழிப்பது.

அண்ணா: டயரைப் பார்த்தீர்களா அப்பா?

அப்பா: பார்த்தேன். புதுசு மாதிரி இருக்கிறது. முந்தின சொந்தக்காரர் வண்டியை ஓடவே இல்லை.

அண்ணா: அதுதான் பயம். டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கி ஒரு வரிசை இருக்கும். கடைசி நாலு இலக்கம் என்ன?

அப்பா: 2317

அண்ணா: 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. எட்டு வயது தாண்டிவிட்டது. இந்த வண்டிகளின் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்றே காய்ந்து வெடிக்கும். ஆறேழு வருசத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

அம்மா: மொத்தம் எத்தனை டயர்?

அண்ணா: ஆறு. பின்பக்கம் இரட்டை.

அம்மா: அப்பா இன்றைக்கு இனிப் பேச மாட்டார்.

மாமா: அத்தான், டயர் செலவைப் பிறகு அழுவோம். தண்ணீர்க் குழாய் குளிரில் உறையாமல் இருக்க ஆன்டிஃபிரீஸ் விட்டாச்சா?

அப்பா: இல்லை மச்சான். கராஜில் காருக்கு விடுகிற பச்சைப் போத்தல் ஒன்று கிடக்கிறது. அதை விடவா?

மாமா: ஐயோ, கிட்டவும் கொண்டு போகாதீர்கள். அது எத்திலீன் கிளைக்கால், நஞ்சு. குடிநீர்க் குழாய்க்கு ரோஸ் நிறத்தில் தனியாக விற்கிறார்கள், புரொப்பிலீன் கிளைக்கால். சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் போகாதபடி பைபாஸ் பண்ணிவிட்டுப் பம்பால் இழுங்கள். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, ரோஸ் நிறம் வந்ததும் மூடுங்கள். சிங்க் ஓட்டையிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். வெளிப்பக்கம் கதவுக்குள் ஒரு சின்ன ஷவர் இருக்குமே, அதையும். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

நான்: அப்படியென்றால் வழியில் தண்ணீருக்கு என்ன செய்வார்கள்?

மாமா: போத்தல் தண்ணீர்தான். டாய்லெட்டுக்கும் அந்த ரோஸ் தண்ணீரே ஒரு கோப்பை. இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகாத இடத்துக்குப் போன பிறகுதான் தொட்டியை நிரப்ப வேண்டும். என் கணக்கில் அது ஜார்ஜியாவின் தென்பக்கம்.

அம்மா: மூன்று நாள் கழுவாத கோப்பையா?

மாமா: பேப்பர் தட்டு என்று ஒன்று இருக்கிறது அக்கா.

நவம்பர் 4

அப்பா: ஆறு மாதம் இருக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு ஏன் மார்ச்சில் ஓடி வர வேண்டும்? ஏப்ரலும் குளிர்தானே.

மாமா: ஆறு மாதம் என்பது எல்லையில் விடுகிற கணக்கு. அமெரிக்க வரிக்காரர் உங்களை அந்த ஊர் ஆளாக எண்ணுகிற கணக்கு வேறு. இந்த வருசத்து நாள் முழுசாக, போன வருசத்தில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்தினதில் ஆறில் ஒன்று. கூட்டினால் 183 வரக் கூடாது. வருசம் 120 நாள் என்றால் 120, 40, 20. மொத்தம் 180, தப்பினோம். 122 ஆனால் மாட்டினோம்.

அண்ணா: மாட்டினால்?

மாமா: ஜெயில் இல்லை. அந்த வருசத்தில் மட்டும் 183 நாளுக்குக் குறைவாக இருந்தால் 8840 என்ற படிவத்தை ஜூன் 15க்குள் அனுப்பி, எங்கள் வீடு வாசல் எல்லாம் கனடாவில்தான் என்று சொல்லலாம். நான் வருசா வருசம் அனுப்புகிறேன்.

அப்பா: ஓஹிப்? எங்கள் ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி?

மாமா: அது இன்னொரு கணக்கு. 12 மாதத்தில் 212 நாள் வரை ஒன்ராறியோவுக்கு வெளியே நிற்கலாம். ஆனால் அதை நம்பி அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். வெளிநாட்டில் வார்டில் படுத்தால் அவர்கள் தருவது நாளுக்கு அதிகபட்சம் 400 டாலர், அதுவும் கனடாக் காசு. பயணக் காப்புறுதி எடுத்தாச்சா?

அப்பா: எடுத்தாச்சு.

நான்: அம்மாவின் பிரஷர் குளிசையைப் போன மாதம்தானே டொக்டர் கூட்டினார்? அதைச் சொன்னீர்களா?

அப்பா: அது 5 இலிருந்து 10. அதே குளிசைதானே.

மாமா: அதே குளிசை இல்லை அத்தான்! அளவு மாறினாலே அவர்கள் பார்வையில் வருத்தம் ஸ்திரமாக இல்லை. அநேகமான திட்டங்களில் 90 நாளோ 180 நாளோ மருந்து மாறாமல் இருக்க வேண்டும். நாளைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கள்.

அப்பா: சொன்னால் காசு கூட்டுவார்கள்.

அம்மா: கூட்டட்டும். நான் மலிவான ஆளா?

மாமா: இன்னொன்று. 2025 ஏப்ரலில் இருந்து 30 நாளோ அதற்கு மேலோ தங்குகிற கனடாக்காரரும் அங்கே பதிய வேண்டும். எல்லையில் ஐ-94 என்ற வருகைப் பத்திரம் கிடைத்தால் அதுவே பதிவு. கிடைக்காவிட்டால் இணையத்தில் ஜி-325ஆர் என்ற படிவம் நிரப்ப வேண்டும். எனக்கு மகள்தான் நிரப்பினாள்.

நவம்பர் 11

நான்: அம்மா, பிரிட்ஜில் ஒரு பெரிய கட்டுக் கறிவேப்பிலை இருந்தது. காணவில்லை.

அம்மா: அரிசிப் பைக்குள்.

அண்ணா: அம்மா, பச்சைக் கறிவேப்பிலை எல்லையில் தடை. சைலிட் என்று ஒரு பூச்சி அந்த இலையில் இருக்கும். அதுதான் தோடை மரத்துக்கு கிரீனிங் நோயைக் காவுவது. 2005இல் புளோரிடாவில் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து அங்கே தோட்டம் தோட்டமாக அழிகிறது.

அம்மா: என் கறிவேப்பிலையில் பூச்சி இல்லை. கழுவித்தான் வைத்தேன்.

நவம்பர் 12

அப்பா: பாலம் தாண்டியாச்சு. அதிகாரி “சாப்பாட்டுச் சாமான் என்ன இருக்கிறது” என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் அம்மா அரிசிப் பையை அவிழ்த்து அவர் முன்னால் வைத்துவிட்டாள்.

நான்: குற்றப்பணம்?

அப்பா: இல்லை. சொல்லாமல் பிடிபட்டால்தான். கையுறை போட்டு, கட்டை ஒரு பைக்குள் போட்டு மூடிக் கொண்டு போனார். மணத்தைப் பார்த்துவிட்டு “என்ன கறிக்குப் போடுவீர்கள்” என்று கேட்டார். அம்மா விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாள், பின்னால் வரிசை.

நவம்பர் 14

அப்பா: டென்னசி. பகல் 15 பாகை, நல்ல வெயில். அம்மாவின் பேப்பர் தட்டுப் புலம்பல் தாங்க முடியாமல் தொட்டியில் பாதி நிரப்பினேன்.

மாமா: அத்தான்.

மாமா: அத்தான், இரவுக்கு என்ன போட்டிருக்கிறது?

மாமா: ஆள் நித்திரை போல.

நவம்பர் 15

அம்மா: விடிய நாலு மணியில் இருந்து பம்ப் டக் டக் டக் என்று விட்டு விட்டு அடிக்கிறது. ஒரு குழாயும் திறக்கவில்லை. அப்பா டோர்ச்சோடு வெளியே நிற்கிறார். இரவு -6.

மாமா: எங்கேயோ கசிகிறது அக்கா. முதலில் பம்பை நிப்பாட்டுங்கள். பிறகு வெளி ஷவர்க் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பா: (படம்)

அண்ணா: எல்போ, அந்தக் குழாய் வளைவுத் துண்டு, பிளந்திருக்கிறது. நெடுக்காக, நிலக்கடலைக் கோது மாதிரி.

மாமா: ம்.

அப்பா: எல்லோரும் “ம்” சொல்லுங்கள். பரவாயில்லை.

மாமா: நான் முதல் வருசம் செய்ததோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்தபடியே மூன்று கிழமை விட்டேன். தண்ணீர் எல்லாம் ஓடிவிட்டது, மற்றது ஓடவில்லை. உள்ளே ஒரு கோபுரமே எழும்பிவிட்டது. தொட்டி நிரம்பிய பிறகுதான் திறக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். முதலில் டாய்லெட் தொட்டி, பிறகு சிங்க் தண்ணீர், ஹோசும் கழுவுப்படும்.

நான்: மாமா, நான் சாப்பிடுகிறேன்.

அப்பா: ஹார்ட்வெயர் கடையில் அமுக்கிப் பொருத்துகிற எல்போ கிடைத்தது. பத்து நிமிச வேலை. தொட்டியையும் வடித்து, திரும்பவும் ரோஸ் தண்ணீர் ஏற்றிவிட்டேன். இனி ஜார்ஜியா.

ஜனவரி 16

அப்பா: கிரிஸ்டல் ரிவர். இன்று கடல் பசு பார்த்தோம். குளிருக்குக் கடலை விட்டு ஊற்றுக்கு வருகின்றன. ஊற்று எப்போதும் 22 பாகை. கடல் 20க்குக் கீழே போனால் அவை தாங்காதாம்.

அம்மா: ஒன்று மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விட்டுவிட்டு அப்படியே கீழே போனது. அப்பா பின்னேரம் கதிரையில் நித்திரை கொள்வது மாதிரியே.

அண்ணா: இங்கே -19. காரைத் தோண்டி எடுக்க அரை மணித்தியாலம்.

அப்பா: இங்கேயும் இன்று இரவு 0 போட்டிருக்கிறது. தண்ணீர் ஹோசைக் கழற்றி உள்ளே எடுத்துவிட்டேன். வெளி ஷவரையும் பார்த்துவிட்டேன்.

அம்மா: மூன்று தரம் பார்த்தார். இப்போது ஹீட்டரோடு கேத்தலையும் போட்டு 30 அம்பியர் பிரேக்கரை விழுத்திவிட்டு, இருட்டில் இருக்கிறோம்.

அப்பா: பிள்ளை, வீட்டுக்குப் போனாயா? தண்ணீர் மெயின் மூடியபடிதானே?

நான்: நேற்றும் போனேன் அப்பா. மெயின் மூடியிருக்கிறது, ஹீட்டிங் ஓடுகிறது, தபால் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா: என் கறிவேப்பிலைக் கன்று?

நான்: (படம்) என் சமையலறை யன்னலில். புதுசாக நாலு கொழுந்து.

அம்மா: பறித்தாயா?

நான்: ஒரு கொப்பு.

அம்மா: எந்தப் பக்கம்?